பாப்பா பக்கம் திருப்பி வைத்த போன்

மாலத்தீவுக்கு வேலைக்குப் போகப்போகிற ஆசிரியைகள் யார் மூலமாகவோ என் நம்பரை வாங்கிக்கொண்டு கூப்பிடுவார்கள். போளூர், செங்கம், கீழ்பென்னாத்தூர் என்று நம் பக்கத்துப் பெண்கள்தான் அதிகம். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்.

“மேடம், அங்க போய் எப்படிங்க சமாளிக்கிறது?”

எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். குக்கர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், மாற்று கேஸ்கட்டை மறக்காதீர்கள். சின்ன மிக்ஸி, புளி, மிளகாய்த்தூள். காய்கறி படகில்தான் வரும். கடல் சரியில்லாத வாரம் படகு வராது, பருப்பை வைத்தே ஓட்டப் பழகுங்கள். வெள்ளியும் சனியும் லீவு, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம். அதை உடம்பு ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாளாகும். சாமி சிலை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டில் நலம் விசாரிக்க அவர்கள் பாஷையில் இரண்டு வார்த்தை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். வகுப்பில் முதல் வாரமே பாடத்தை முடிக்கப் பறக்காதீர்கள். நம் இங்கிலீஷ் பிள்ளைகளின் காதில் பழக வேண்டும், அவர்களுடையது நமக்குப் பழக வேண்டும்.

போன மாதம் ஒருத்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுவிட்டுக் கடைசியில், “உங்க குழந்தைய யாருகிட்ட விட்டுட்டுப் போனீங்க மேடம்? எனக்கும் சின்னப் பையன் இருக்கான்” என்றாள். அக்காவிடம் விட்டேன் என்றேன். அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொல்கிற விஷயம் இல்லை அது. எழுதினால் முடிகிறதா என்று பார்க்கிறேன்.

ஏன் போனேன் என்று விளக்க வேண்டியதில்லை. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். என் கணவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மகளுக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. மாலத்தீவு வேலைக்கான உத்தரவு வந்ததும், போவதா வேண்டாமா என்று நாங்கள் இரண்டு பேரும் குழம்பிக்கொண்டிருந்தபோது முடிவு செய்தவள் அக்காதான்.

“நீ போடி. பாப்பாவ நான் பாத்துக்கறேன். எனக்கு இன்னா வேலை இருக்குது?”

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணமாகிச் சீக்கிரத்திலேயே அவள் கணவர் இறந்துபோனார். பிள்ளை இல்லை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய சின்ன வீட்டில் இருந்துகொண்டு ஜாக்கெட் தைத்தாள். வேலை இல்லை என்று அவள் சொன்னது பொய். தீபாவளிக்கு முன்னால் அவள் வீட்டில் உட்கார இடமிருக்காது, துணிப்பைகளாகக் கிடக்கும்.

என் பெட்டியைக் கட்டியதும் அவள்தான். நாங்கள் சேத்துப்பட்டு பக்கத்துச் சமணக் குடும்பம். கறி, மீன் கிடையாது, பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடும் கிடையாது. ஊரெல்லாம் மீன் தின்கிற தீவுக்குப் போகிறேன் என்று அக்கா பொடியாகவும் ஊறுகாயாகவும் வைத்துத் திணித்தாள். நான் துணிக்கு நடுவில் வைத்திருந்த சின்னத் தீர்த்தங்கரர் சிலையை அவளே எடுத்து அலமாரியில் வைத்தாள். “இவரு இங்க இருக்கட்டும். நீ மனசுல சொல்லிக்கோ, போதும்” என்றாள்.

கிளம்பிய அன்று மகள் அக்கா மடியில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். “அழுது காட்டாத. நீ அழுதா அவளும் அழுவா. கடைக்குப் போறாப்புல போ” என்று அக்கா சொன்னாள். நான் அப்படியே போனேன். மகள் வாயில் இட்லியோடு கையை ஆட்டினாள். அன்று முழுக்க அவள் தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினாள் என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் அக்கா சொன்னாள்.

தீவு மிகச் சின்னது. பள்ளிக்கூடத்திலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். முதல் மாதம் எனக்கு அதுவே பயமாக இருந்தது. மலையைப் பார்த்தே வளர்ந்தவளுக்குத் தலையை நிமிர்த்தினால் கண் நிற்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அங்கே தென்னை மரத்துக்கு மேல் எதுவும் இல்லை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். நான் வேகமாகப் பேசினால் சிரிப்பார்கள், மெதுவாகப் பேசினால் கேட்பார்கள். மழைத்தண்ணீரைப் பிடித்துக் குடிக்கப் பழகினேன். ஒருத்திக்காகக் குக்கர் வைக்கவும் பழகினேன். அது அத்தனை சுலபமாக இல்லை.

பக்கத்து வீட்டில் என் வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் கணவர் சுற்றுலா விடுதி ஒன்றில் வேலை செய்தார், மாதத்துக்கு ஒரு முறை வருவார். போன புதிதில் எனக்கு ஒரு தட்டில் ரொட்டியும் மீன் போட்ட தேங்காய்த் துருவலும் கொண்டு வந்தாள். நான் மீனைக் காட்டிக் கையை விரித்தேன். மறுநாள் மீன் இல்லாமல் தேங்காயும் வெங்காயமும் பச்சைமிளகாயும் பிசைந்து கொண்டு வந்தாள். அப்படித்தான் பழக்கமானோம்.

நோன்பு மாதம் வந்தது. பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது என்னைக் கூப்பிட்டாள். எனக்குத் தெரிந்த ஜாடையில் வானத்தைக் காட்டி, இருட்டினால் சாப்பிட மாட்டேன் என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ முடிக்கிற நேரத்தில்தான் நாங்கள் ஆரம்பிக்கிறோம் என்று கையாலேயே காட்டினாள். மறுநாள் வெயில் இருக்கும்போதே கதவைத் தட்டினாள். கையில் மூடிய தட்டு, உள்ளே சூடான ரொட்டி. அவள் உதடு காய்ந்திருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுப்பில் நின்று எனக்காகச் சுட்டிருக்கிறாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. அந்த மாதம் முழுக்க அந்தத் தட்டு வந்தது. அக்காவிடம் சொன்னபோது, “பாரேன், ஒன்னப் பாக்க அங்கயும் ஒருத்தி இருக்கா” என்றாள்.

தினமும் சாயந்திரம் வீட்டுக்குப் பேசுவேன். நம் ஊரைவிட அங்கே அரை மணி நேரம் பின்னால். நான் சாப்பிட்டு முடித்துக் கூப்பிடும்போது இங்கே விளக்கு போட்டிருப்பார்கள். அக்கா போனைத் தையல் மிஷின்மேல் சாய்த்து வைப்பாள். திரையில் மகள் மட்டும்தான் தெரிவாள். அக்கா பக்கத்தில் தைத்துக்கொண்டே பேசுவாள். அவள் குரலும் மிஷின் ஓடுகிற சத்தமும் சேர்ந்தே வரும்.

“இன்னைக்கு இன்னா சாப்பிட்டா தெரியுமா உன் பொண்ணு? சொல்லுடி பாப்பா, போன் அம்மாகிட்ட சொல்லு.”

போன் அம்மா என்று மகள்தான் எனக்குப் பெயர் வைத்தாள். அக்கா அவளுக்கு அம்மா. பெரியம்மா என்று சொல்லச் சொல்லி அக்கா எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தும் மகளுக்கு அது ஏறவில்லை. எனக்கு அது வலித்தது. ஆனால் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறாள், சதை வைத்திருக்கிறாள், பாட்டுச் சொல்கிறாள். வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் வருஷ லீவில் வந்தபோது மகள் என்னைப் பார்த்துவிட்டு அக்காவின் முந்தானைக்குள் போய் ஒளிந்தாள். போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பிப் போகிற சமயத்தில்தான் என் பக்கத்தில் படுக்க ஆரம்பித்தாள். நான் இந்த வருஷத்தோடு போதும் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வா. பாதியில வந்தா போனதுக்கே அர்த்தமில்ல” என்றாள்.

இரண்டாவது வருஷத்தில் ஒரு நாள் மிஷின் சத்தம் கேட்கவில்லை. “இன்னாக்கா, தைக்கலையா?” என்றேன். மிஷின் ரிப்பேர் என்றாள். அடுத்த வாரமும் சத்தமில்லை. ஆள் வரவில்லை என்றாள். அப்புறம் சீசன் கம்மி, துணி வரவில்லை என்றாள். நான் நம்பினேன். திரையில் மகள் புதுக் கவுனைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். “மூஞ்சியக் காட்டேன்க்கா” என்றால், “என் மூஞ்சியில இன்னா இருக்குது? பாப்பாவப் பாரு” என்பாள்.

அக்கா வீட்டில் பெரும்பாலும் என் கணவரே இருந்தார் என்பதும் எனக்குத் தெரியாது. கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு அங்கேதான் சமைத்தார், பாத்திரம் கழுவினார், அக்காவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டுபோய் மருந்து ஏற்றிக் கூட்டி வந்தார். போனில் என்னிடம் பேசும்போது கடையில் கூட்டம் என்பார்.

ஒரு சாயந்திரம் மகளே போனை எடுத்தாள். முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்திருந்ததால் மூக்கு மட்டும் தெரிந்தது.

“அம்மா எங்கடி?” என்றேன்.

“அம்மா படுத்துனுகீது. அம்மாக்கு முடியெல்லாம் போயிடுச்சு. காட்டட்டா?”

நான் பதில் சொல்வதற்குள் ஓடினாள். திரையில் தரை ஆடியது, கதவு ஆடியது, கட்டில்கால் தெரிந்தது. பிறகு அக்கா. தலையில் துணி இல்லை. மொட்டையில் அங்கங்கே கொஞ்சம் முடி. கன்னம் உள்ளே போயிருந்தது. என்னை மாதிரியே இருக்கும் என்று எல்லோரும் சொல்கிற அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியவள், பாதியில் விட்டுவிட்டாள்.

“பாத்துட்டியா” என்றாள். “சரி. இனிமே மறைக்கிற வேலை இல்ல.”

“என்னக்கா இது?”

“மார்ல கட்டி. முத்திப்போச்சாம். நீ அழாத. பாப்பா பாக்குது.”

மகள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, “பாத்தியா போன் அம்மா?” என்று கேட்டாள்.

அன்றைக்கே கணவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. “உன்கிட்ட சொன்னா மருந்து ஏத்திக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. நான் இன்னா பண்ணட்டும்?” என்றார். குரல் உடைந்தது. அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பள்ளிக்கூடத்தில் லீவு உடனே கொடுத்துவிட்டார்கள். கடல்தான் விடவில்லை. காற்றும் மழையுமாக இருந்தது, படகு ஓடவில்லை. பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு தினமும் படகுத்துறைக்குப் போய்த் திரும்பினேன். பக்கத்து வீட்டுக்காரியும் கூடவே வந்து நிற்பாள். என் பாஷை அவளுக்குத் தெரியாது. நான் அக்காவைப் பற்றித் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருப்பேன், அவள் தலையாட்டிக்கொண்டே இருப்பாள். கடைசியில் படகு கிளம்பிய அன்று வழிக்கு ரொட்டி சுற்றிக் கொடுத்தாள். இருட்டுவதற்குள் சாப்பிடு என்று சூரியனைக் காட்டினாள்.

சென்னையில் இறங்கிப் பஸ் பிடித்து வந்தால் அன்று பௌர்ணமி. நான் எதையும் யோசிக்கவில்லை. பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ உள்ளே போகாது. கணவர் வந்து பெட்டியைத் தலையில் வைத்துக்கொள்ள, கிரிவலம் போகிற கூட்டத்தோடு சேர்ந்து நடந்தோம். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் வெறுங்காலோடு ஜனங்கள், சாமி பேரைச் சொல்லிக்கொண்டு, சுண்டல் தின்றுகொண்டு. எனக்கு எல்லோரையும் தள்ளிவிட்டு ஓட வேண்டும்போல இருந்தது. கூட்டம் அதன் வேகத்தில்தான் போகும். நானும் அதன் வேகத்தில்தான் போக முடிந்தது.

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவள் காலடியில் போய் விழுந்தேன். “பஸ்ல சாப்டியா? பொழுது இருக்கு, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு அழு” என்றாள். என் கணவர் தட்டுப் போட்டார். அக்காவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று மறுநாள் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

“சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?”

“வந்திருப்பேன்.”

“அதான் சொல்லல. எனக்கு வாழ்க்கையில பெருசா எதுவும் அமையல. உன் பொண்ண வளத்தேன், அது ஒண்ணு அமைஞ்சுது. நீ வந்துட்டா அதுவும் உன்கிட்ட போயிடும்னு நெனச்சேன். இன்னும் கொஞ்ச நாள் வெச்சுக்கலாம்னு பாத்தேன்.”

எனக்காகத்தான் மறைத்தாள் என்று தீவிலிருந்து வருகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவளுக்காகவும்தான் மறைத்திருக்கிறாள். அது தெரிந்ததும் என் கோபம் போய்விட்டது, துக்கம் இரண்டு மடங்காயிற்று.

அதற்குப் பிறகு அக்காவுக்கு ஒரு மழைக்காலம் மிச்சமிருந்தது. அந்த நாட்களில் அவள் என் மகளைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். தலைக்கு ஊற்றும்போது கண்ணை மூடச் சொல்லாதே, மேலே பார்க்கச் சொல். பருப்பு சாதத்தில் நெய்யை அவள் கண் முன்னால் விட வேண்டும். காய்ச்சல் வந்தால் முதலில் காது வலிக்கிறது என்பாள். தூங்க வைக்கத் தட்டினால் பிடிக்காது, முதுகைச் சொறிய வேண்டும். புது ஊருக்குப் போகிறவளுக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் பெற்ற பிள்ளையைப் பற்றி எனக்கு இத்தனை தெரியாமல் இருந்திருக்கிறதே என்று கேட்டுக்கொண்டிருப்பேன். நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கும். “மீதிய நாளைக்குச் சொல்றேன்” என்பாள்.

சொல்லி முடித்தாளா என்று தெரியவில்லை. ஒரு காலையில், நான் அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து எங்கள் சமண வழக்கப்படி பஞ்ச மந்திரம் சொன்னார்கள். மகளை என் கணவர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். திரும்பி வந்ததும் அவள் நேராகக் கட்டிலுக்குப் போனாள். போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். என்னிடம் வந்து, “அம்மா எங்க?” என்று கேட்டாள். அங்கே இருந்த பெண்களில் ஒருத்தி, “இதோ இருக்காளே உங்கம்மா” என்று என்னைக் காட்டினாள். மகள் அவளை அடித்துவிட்டாள்.

நான் திரும்பிப் போகவில்லை. ஊரிலேயே ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி எப்போதாவது குரல் செய்தி அனுப்புவாள், பாதி புரியும்.

கேட்கிறவர்களிடம் போகாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் தினம் ஒரு தடவை முகம் காட்டச் சொல்லுங்கள் என்று மட்டும் இனி சொல்லலாம் என்றிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில், கடையில், நாலு பேர் முன்னால் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். வீட்டில் பெரும்பாலும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நேராக வந்து கேட்பாள். போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் உடம்பு கொதித்தபோது, “அம்மா, அம்மா” என்று முனகினாள்.

“இங்கதான் இருக்கேன்டி.”

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“நீ இல்ல” என்றாள்.

“தெரியும்” என்றேன். முதுகைச் சொறிந்துவிட்டேன். கொஞ்சம் நகர்ந்து என் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.